ரீவி திறக்கப் பதினொரு விதி

சனிக்கிழமை காலை ஏழு நாற்பது. விதிகள் பதினொன்று. எழுதியவர் ஐயாத்துரை தயாபரன்.

அந்தத் தயாபரன் நான்தான். மல்லாவியில் இருந்து ஒரு நாளிதழுக்கு இருபது வருடத்துக்கு மேலாகச் செய்தி அனுப்புகிறேன். குளம் உடைத்தது, யானை புகுந்தது, பாடசாலைக் கூரை பறந்தது எல்லாம் என் கைவழியாகத்தான் வெளியே போனது. எதிலும் என் பெயர் வந்ததில்லை. 'மல்லாவி நிருபர்' என்று மட்டும் வரும். அன்றுதான் முதல் தடவையாக முழுப்பெயரும் தடித்த எழுத்தில் வந்திருந்தது. தலைப்பு: 'வீட்டு மின்சாதனங்களைத் திருத்துவோர் கவனத்துக்கு: பதினொரு பாதுகாப்பு விதிகள்.'

பேப்பரை மடிப்புக் கலையாமல் குசினிக்குக் கொண்டுபோய், கமலாசனி தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், எழுத்து அவவைப் பார்க்கும்படி வைத்தேன். கமலாசனி என் மனைவி. நான் சொல்வதில் அவவுக்கு நம்பிக்கை இல்லை. அச்சில் வந்தால் உண்டு. மழை வரும் என்று நான் சொன்னால் சிரிப்பா. அதையே நான் எழுதிப் பேப்பரில் வந்தால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுத்து உள்ளே வைப்பா. இந்தப் பலவீனத்தை நம்பித்தான் கட்டுரையை எழுதினேன். பொதுமக்களின் நலன் இரண்டாம் பட்சம்.

என் நோக்கம் ஒன்றே ஒன்று. மூன்று நாளாகப் படம் வராமல் விறாந்தையில் செத்துக் கிடந்த ரீவியை நான் என் கையால் திறந்து திருத்த வேண்டும்.

வெளியில் இருந்து பார்த்தால் இது சின்ன ஆசை. எங்கள் வீட்டில் இது சட்டவிரோதம். எட்டு வருடத்துக்கு முதல் போட்ட தடை அது.

தடைக்குக் காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும். வன்னியில் இருபது வருடம் கரண்ட் இல்லை. அந்த இருபது வருடமும் எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு நான்தான் மின்பொறியியலாளர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, ஒழுங்கையே கூடியிருந்து செய்தி கேட்கும். பெடலைக் கையால் சுற்றுகிறவர் பக்கத்து வீட்டுச் சங்கிலி. அவருக்குக் கை வலித்தால் செய்தி வாசிப்பவர் முணுமுணுப்பார். சங்கிலிக்கு உற்சாகம் வந்தால் செய்தி வாசிப்பவர் அலறுவார். வயரில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க நான் வைப்பது நாக்கு. புளித்தால் இருக்கிறது. புளிக்காவிட்டால் சங்கிலிக்கு ஏச்சு. எங்கள் வயர்கள் கடிக்காத வயர்கள். அந்த நினைப்பு என் உடம்போடு ஊறிவிட்டது.

சண்டை முடிந்து, ஊர் திரும்பி, வீதியில் கம்பம் நட்டு, கரண்ட் வந்தது. வயர் மாறிவிட்டது. நான் மாறவில்லை. ஒருநாள் இஸ்திரிக்கைப் பெட்டி சூடாகவில்லை என்று திறந்தேன். நாக்கை வைக்கவில்லை என்பது ஒரு நல்ல காலம். விரலை வைத்தேன். பெட்டி என்னைப் பிடித்துக்கொண்டது. கமலாசனி உலக்கையை எடுத்து என் முழங்கையில் ஒன்று போட்டா. பெட்டி ஒரு மூலை, நான் ஒரு மூலை. கரண்ட் பட்ட விரல் இரண்டு நாளில் சுகம். உலக்கை பட்ட கை இரண்டு மாதம் கழுத்தில் தொங்கியது. இதை நான் எத்தனையோ கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அன்றோடு தடை வந்தது. ஸ்குரூ டிரைவர் அலுமாரிக்குள், அவவின் சேலைகளுக்கு அடியில் போனது.

ரீவி பின்பக்கம் வயிறு தள்ளிய பழைய ரகம். கமலாசனியின் தம்பி பிரதாபன் வாங்கித் தந்தது. அது செத்த நாளில் இருந்து அவ ஒரே கதைதான் கதைத்தா. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் யதுர்ஷிகா என்று ஒரு பிள்ளை திருத்துகிற கடை வைத்திருக்கிறாள், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள், நல்ல கைராசி, அவளிட்டைக் குடுப்பம் என்றா. டைனமோவால் ஒழுங்கைக்கே செய்தி கேட்பித்த மனுசன், இருபத்தேழு வயதுப் பிள்ளையிடம் ரீவியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதா? சந்தியில் நிற்பவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு தடவை கடைக்குப் போனால், இனி என்ன பழுதானாலும் கடைதான். பிறகு என் ஆயுளில் நான் ஒரு சாமானையும் திறக்கமாட்டேன்.

அந்த வாரம்தான் சனசமூக நிலையத்தில் ஒரு பொறியியலாளர் வந்து மின்பாதுகாப்புப் பற்றிப் பேசினார். அவர் சொன்னது ஏழு விதி. ஏழையும் எழுதி அனுப்பினேன். பிற்பகல் ஆசிரிய பீடத்தில் இருந்து அழைப்பு வந்தது. பக்கத்தில் ஒரு விளம்பரம் கழன்றுவிட்டது, இன்னும் நாலு விதி இருந்தால் இடம் நிரம்பும், அப்படியே பெயரையும் போடலாம் என்றார்கள். பொறியியலாளர் அதற்குள் பஸ் ஏறிவிட்டார். பத்திரிகைத் தொழிலில் நாலு விதி பெரிய விஷயம் இல்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னேன்.

கையில் போன் இருந்தபடியால் எட்டாவது வந்தது: வேலை முடியும்வரை கைத்தொலைபேசியைப் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்பதாவது, யதுர்ஷிகாவின் கடையை மனதில் வைத்துப் போட்ட குத்து: உரிமையாளரின் சம்மதம் இன்றி எந்தச் சாதனத்தையும் திறக்கக் கூடாது. பத்தாவது, தேநீர் முதலியவை ஐந்து முழத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். பதினொன்றாவது, ஐயம் ஏற்படின் வேலையை உடன் நிறுத்த வேண்டும். கடைசி விதியை எந்தக் கட்டுரையின் முடிவிலும் போடலாம்.

அந்தச் சனிக்கிழமை கமலாசனி கையைக் கழுவி, துடைத்து, கண்ணாடி போட்டு, தலைப்பில் இருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தா. பிறகு என் பெயரை இன்னொரு தடவை வாசித்தா.

"இது நீங்களோ எழுதினது?"

"ஓம். பேர் கிடக்குத்தானே."

"அப்ப இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியாமல் ஆரும் எழுதுவினமோ?"

அவ அறைக்குள் போனா. அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எட்டு வருடத்துக்குப் பிறகு ஸ்குரூ டிரைவர் வெளியில் வந்து பேப்பருக்கு மேலே இருந்தது.

"அப்ப செய்யுங்கோ. பேப்பரில உள்ளபடி. ஒண்டும் விடப்படாது."

ஒரு தீர்மானம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறினால் சந்தேகப்பட வேண்டும் என்று எத்தனை கூட்டங்களில் இருந்து கற்றிருப்பேன். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. சந்தோசத்தில் இருந்தேன்.

முதலாம் விதி. நான் ஏற்கனவே சுவிட்சை அணைத்திருந்தேன். கமலாசனி பேப்பரைப் பார்த்து, சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது, பிளக்கைச் சுவரில் இருந்து கழற்ற வேண்டும் என்று வாசித்தா. கழற்றினேன். இரண்டாம் விதி. கழற்றிய பிறகும் உள்ளே மின் தங்கி நிற்கும், குறைந்தது அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அவ மணிக்கூட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தா. இந்த அரை மணித்தியாலக் கதை பொறியியலாளர் ஆக்களைப் பயப்படுத்தச் சொன்னது என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். அதை வெளியில் சொல்லவில்லை. அவ பத்தாம் விதியை முன்கூட்டியே பார்த்து, ரீவிக்கு மேலே இருந்த என் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, தன் கையால் ஐந்து முழம் அளந்து, குசினி வாசற்படியில் வைத்தா. அங்கே இருந்து ஆவி பறந்தது.

பொறுக்கிற நேரத்தை வீணாக்காமல் மூன்றாம் விதிக்குப் போனோம். உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. கை மணிக்கூட்டைக் கழற்றினேன். கலியாண மோதிரம் இருபத்தெட்டு வருடமாக விரலில் இறுகிப்போயிருந்தது. சவுக்காரம் போட்டு, தேங்காய் எண்ணெய் போட்டு, அவ ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுக்கக் கழன்றது. பிறகு அவ என் இடுப்பைப் பார்த்தா. அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்து ஒன்று உண்டு. அதைக் கழற்ற நான் சாரத்துக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வழக்கம்போலப் பேப்பர் வாசிக்கச் சங்கிலி படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னாங்கையா, இதுவும் கரண்டு வேலைதானா?" என்றார்.

கமலாசனி அவருக்குக் கதிரை போட்டா.

நாலாம் விதி, காய்ந்த றப்பர் செருப்பு. என் செருப்பின் அடியில் ஓட்டை. அவவின் செருப்பைத் தந்தா. ரோசா நிறம், மேலே ஒரு பூ. ஐந்தாம் விதி, வேலை செய்யும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கட்டிக்கொண்டேன். ஆறாம் விதி, தனியே செய்யக் கூடாது, காய்ந்த மரத்தடியோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கமலாசனி எழும்பிப் போய் உலக்கையோடு வந்தா. அதைக் கண்டதும் என் முழங்கை தானாக மடங்கியது. சங்கிலி நிற்கட்டுமே என்றேன். தனக்குச் சுற்றித்தான் பழக்கம், அடித்துப் பழக்கம் இல்லை என்று சங்கிலி மறுத்துவிட்டார். ஏழாம் விதி, பியூஸ் போனால் அதே அளவுப் பியூஸ்தான் போட வேண்டும், வெள்ளித்தாள் சுற்றக் கூடாது. அதைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டினேன்.

எட்டாம் விதி. கைத்தொலைபேசியைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்தேன். வீட்டில் அப்படி ஒருவர்தான் இருந்தா.

ஒன்பதாம் விதியில் அவ நிறுத்தினா. கண்ணாடியை மேலே தள்ளி, ஆற அமர, இரண்டு தடவை வாசித்தா. பிறகு கேட்டா.

"இந்த ரீவி ஆரின்ர?"

"எங்கட."

"பிரதாபன் ஆருக்குத் தந்தவன்?"

"உமக்குத்தான்."

"இந்த வீடு?"

"வீட்டுத்திட்டம் உம்மட பேரில வந்தது."

"காணி?"

"கொப்பர் சீதனமாத் தந்தது."

"நீங்கள் இருக்கிற கதிரை?"

அதுவும் அவவின் தாய்வீட்டுக் கதிரை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வந்தது பெண்ணுடையது. புருசன் அதை விற்கவோ மாற்றவோ அவவைக் கேட்க வேண்டும். காணித் தகராறு பற்றி எழுதும்போது நானே இதைப் பலதடவை வாசகர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அந்த வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். சைக்கிள் இருந்தது.

"சைக்கிளைத் திறவுங்கோ. நான் மறிக்கேல்லை," என்றா.

சம்மதம் தரும்படி கேட்டேன். குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்திருக்க வேண்டும். சங்கிலி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கமலாசனி பதினொன்றாம் விதியை வாசித்தா. எனக்கு இந்த வேலையில் ஏதும் ஐயம் உண்டா என்று கேட்டா. ஒரு துளியும் இல்லை என்றேன்.

"உங்களுக்கு ஒரு ஐயமும் இல்லை. அதுதான் எனக்கு ஐயம். யோசிச்சுச் சொல்லுறன்."

உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனா. சோறு பார்க்கப் போகிறா என்று நினைத்தேன். மோதிரம் இல்லாமல், கை மணிக்கூடு இல்லாமல், போன் இல்லாமல், ரோசாச் செருப்போடு, ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு, மூடிய ரீவிக்கு முன்னால் இருந்தேன். தேத்தண்ணியில் ஆவி நின்றுவிட்டது. சங்கிலி என் கட்டுரையை வாசித்துமுடித்து, நல்லா இருக்குங்கையா என்றார்.

ஒன்பது மணியளவில் ஸ்கூட்டி ஒன்று படலையடியில் வந்து நின்றது. முதுகில் பையோடு ஒரு பிள்ளை இறங்கி வந்தாள்.

"அங்கிள், கோல் எடுத்தனீங்களாம். நான் யதுர்ஷிகா."

நான் எடுக்கவில்லை என்றேன். அவள் தன் போனைக் காட்டினாள். என் இலக்கம்தான். கமலாசனி வாசலில் வந்து நின்றா.

"அங்கிளின்ர போனிலதான் எடுத்தனான், பிள்ளை. பொறுப்பா வைச்சிரும் எண்டு என்னட்டைத் தந்தவர்."

யதுர்ஷிகா பையைத் திறந்து முதலில் எடுத்தது திருத்துகிற ஆயுதம் இல்லை. என் கட்டுரை. காலையிலேயே வெட்டி, பக்கத்துக் கடையில் பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருந்தாள். கடையில் தொங்கவிடப் போகிறாளாம். மூன்று வருடமாகத் தான் இதையே சொல்வதாகவும், சின்னப்பிள்ளை கதைக்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை என்றும், இனிமேல் பேப்பரைக் காட்டலாம் என்றும் சொன்னாள். அவளுடைய முகத்தில் இருந்த மரியாதையை நான் இதற்கு முன் எந்த வாசகரிடமும் கண்டதில்லை.

"ஒன்பதாவதுதான் அங்கிள் முக்கியம். அதை வேற ஒருத்தரும் எழுதேல்லை. வீட்டில இருக்கிற ஆம்பிளையள் அன்ரியவையைக் கேளாமல் கழட்டி, முழுசாப் பழுதாக்கிப்போட்டுத்தான் எனக்குக் கொண்டருகினம்."

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். எட்டுத் தொடக்கம் பதினொன்றுவரை நான் முற்றத்தில் நின்று உண்டாக்கியவை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உறைக்குள் இருந்த என் தடித்த எழுத்துப் பெயர் என்னைப் பார்த்தது. வாயை மூடினேன்.

அவள் முறைப்படி அன்ரியிடம் சம்மதம் கேட்டாள். "ஓம் பிள்ளை, திற," என்றா கமலாசனி. ஒரு மூச்சில் வந்தது. ஆறாம் விதிப்படி பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்று யதுர்ஷிகா சொன்னாள். உலக்கையை என் கையில் தந்தார்கள்.

பின்மூடியைக் கழற்றியதும் பிள்ளை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டினாள். ஸ்குரூ டிரைவரில் வயர் ஒன்றைக் கொழுவி, வயரின் மற்ற நுனியை உள்ளே ஒரு தகரத்தில் பிடித்துவிட்டு, கண்ணாடிக் குழாயின் முதுகில் இருந்த றப்பர் மூடிக்குக் கீழே மெல்ல நுழைத்தாள்.

டப் என்று வெடித்தது. நீலமாக ஒரு பொறி.

சங்கிலி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பிளக்கைக் கழற்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஆகியிருந்தது. நான் திறந்திருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் விரலை வைத்திருப்பேன். எந்த விரல் என்றுகூட எனக்குத் தெரியும்.

கமலாசனி ரீவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தா. பிள்ளைக்குக் கேட்காத குரலில் சொன்னா.

"அண்டைக்கு நான் கூப்பிடக் கூப்பிட நீங்கள் பேசேல்லை. கண் மட்டும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது."

எட்டு வருடமாக நான் அதை உலக்கைக் கதையாகத்தான் சொல்லிவருகிறேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அவ சிரித்தாவா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

யதுர்ஷிகா உள்ளே இருந்து ஒரு காய்ந்த பல்லியை எடுத்து வெளியில் போட்டாள். அதற்குப் பிறகு பியூஸை எடுத்தாள். அதைச் சுற்றி வெள்ளித்தாள். சிகரட் பெட்டியின் தாள், அழகாக மூன்று சுற்று. இஸ்திரிக்கைப் பெட்டிக்கு முந்திய காலத்து வேலை. கை சுத்தம் அப்படியே தெரிந்தது.

பியூஸைத் தன் வேலையைச் செய்ய விட்டிருந்தால் பியூஸ் மட்டும்தான் போயிருக்கும், இப்போது பக்கத்தில் ஒரு துண்டும் கருகிவிட்டது, வீட்டுக்கே நெருப்புப் பிடித்திருக்கலாம் என்றாள்.

"இதை ஆர் அன்ரி செய்தது?"

நான் கூரையில் ஓடு எண்ணினேன்.

"முந்தி ஒருத்தன் வந்து பாத்தவன், பிள்ளை," என்றா கமலாசனி. "அவன் இப்ப இந்த வேலையை விட்டிட்டான்."

அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. நான் உலக்கையை மற்றக் கைக்கு மாற்றினேன். அந்த நிமிடம் அவவில் எனக்கு வந்த அன்பை எந்தப் பேப்பரும் போடாது.

முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. அந்த நேரம் முழுவதும் கமலாசனி பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் இருந்து, இது என்ன, இது ஏன் சிவப்பு, முள் ஏன் ஆடுது என்று கேட்டுக்கொண்டே இருந்தா. பிள்ளையும் சளைக்காமல் சொன்னாள். ஒரு கட்டத்தில் அளக்கும் மீற்றரையே அவவின் கையில் கொடுத்துவிட்டாள். என்னிடம் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. கையில்தான் ஏற்கனவே ஒன்று இருந்ததே. ரீவியில் படம் வந்தது. முன்பைவிடத் தெளிவாக வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அவள் போன பிறகு சங்கிலியும் போனார். கமலாசனி எனக்குப் புதுத் தேத்தண்ணி ஊற்றி, கையில் தந்தா. மோதிரத்தைத் தானே என் விரலில் போட்டுவிட்டா. ஸ்குரூ டிரைவரைத் தரவில்லை. குடித்துக்கொண்டிருக்கும்போது மனச்சாட்சி குத்தியது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன். அந்தப் பதினொன்றில் நாலு விதி, என்று இழுத்தேன்.

"தெரியும். எட்டில இருந்து பதினொண்டு வரைக்கும்."

"எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் முத்தத்தில நிண்டு போனில கத்தேக்க நான் கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஏன் காலமையே சொல்லேல்லை?"

அவ வெறும் கோப்பையை என் கையில் இருந்து வாங்கினா.

"முதல் ஏழும் உங்களைக் காப்பாத்த. மற்ற நாலும் இல்லாட்டி நான் எப்பிடி அந்தப் பிள்ளையைக் கூப்பிடுறது?"

சோறு இறக்க வேண்டும் என்று எழும்பிப் போனா. விறாந்தையில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. நான் நல்ல வசதியான கதிரையில் சாய்ந்திருந்து அதைப் பார்த்தேன். கதிரையின் சொந்தக்காரி குசினியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

அடுத்த மாதம் யதுர்ஷிகா தன் கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு மின்சாதனம் திருத்துகிற வகுப்பு ஒன்று தொடங்கினாள். அதை நான் நாலு வரிச் செய்தியாக அனுப்பினேன். பெயர் போடவில்லை.

2024 ஒக்டோபர் 12, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குக் கமலாசனி எங்கள் வீட்டு மேசை விசிறியைக் கழற்றி, திருத்தி, திரும்பப் பூட்டினா. விசிறி சுற்றுகிறது.